பிக் பாயும் புல்மேன் பெட்டியும்: அமெரிக்க நீராவி ரயில் கேள்வி பதில்

கேள்வி: 'பிக் பாய்' என்ஜின் அவ்வளவு பெரிதா? வளைவில் எப்படித் திரும்பும்?

பதில்: கரியும் தண்ணீரும் சுமந்து பின்னால் வரும் டெண்டர் பெட்டியோடு சேர்த்து 132 அடி நீளம், 12 லட்சம் பவுண்டு எடை. விறைப்பாகச் செய்திருந்தால் திரும்பவே திரும்பாது. அதனால் ஒரே கொதிகலனுக்குக் கீழே இரண்டு என்ஜின் வைத்தார்கள், ஒவ்வொன்றுக்கும் எட்டு இயங்கு சக்கரம். பின் செட் கொதிகலனோடு பிணைந்தது. முன் செட் கீல் போட்ட கதவு மாதிரி இடமும் வலமும் அசையும். வளைவில் சக்கரங்கள் தண்டவாளத்தோடு திரும்பிவிடும். கொதிகலனின் மூக்கு மட்டும் நேரே வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். முதல் தடவை பார்ப்பவர், தடம் புரள்கிறது என்றே நினைப்பார். அதன் பசிக்கு ஆள் நின்று கரி அள்ளிப் போட்டு மாளாது. டெண்டரிலிருந்து ஒரு திருகு கரியைத் தள்ளிக்கொண்டு வரும், நீராவி அதை அடுப்புக்குள் வீசும்.

யூட்டாவின் வசாட்ச் மலையேற்றத்தில் 3,600 டன் சரக்கைத் துணை என்ஜின் இல்லாமல் இழுக்கத்தான் யூனியன் பசிபிக் ரயில் கம்பெனி இதைக் கேட்டது. 1941-இல் 20, 1944-இல் 5 வந்தன. பெயர் வைத்தது கம்பெனி இல்லை. என்ஜினைச் செய்த ஷெனெக்டடி தொழிற்சாலையில் யாரோ ஒரு தொழிலாளி முகப்பில் சாக்பீஸால் எழுதிவிட்டுப் போனது!

கேள்வி: ஒன்று இன்னும் ஓடுகிறதாமே?

பதில்: 4014-ஆம் எண் என்ஜின். கலிஃபோர்னியாவின் பொமோனாவில் காட்சிப் பொருளாக நின்றதை யூனியன் பசிபிக் 2013-இல் திரும்ப வாங்கி, வயோமிங் மாநிலத்து ஷையனில் பிரித்துப் பூட்டி, 2019 மே மாதம் ஓடவிட்டார்கள். இப்போது எண்ணெயில் ஓடுகிறது.

கேள்வி: இவ்வளவு பலம் இருந்தும் ஏன் கைவிட்டார்கள்?

பதில்: பலக் குறைவால் இல்லை, கூலிக் கணக்கால். சாம்பல் வார, கொதிகலன் கழுவ, மூட்டுக்கு மூட்டு எண்ணெய் விட என்று ஒரு பட்டாளமே வேண்டும். வழியெல்லாம் தண்ணீர்த் தொட்டி வேறு. டீசலில் நாலு என்ஜினைக் கோத்தாலும் ஒரே குழு ஓட்டிவிடும். பெரிய ரயில் கம்பெனிகளில் நார்ஃபோக் அண்ட் வெஸ்டர்ன் 1960 வரை நீராவியோடு தாக்குப்பிடித்தது. கரி ஏற்றிப் பிழைத்த கம்பெனி, ரோனோக்கில் சொந்தமாக என்ஜினும் செய்தது. என்னைக் கேட்டால் பிக் பாயைவிட அவர்கள் என்ஜின்கள்தான் கெட்டிக்கார வேலை.

கேள்வி: புல்மேன் கம்பெனியின் படுக்கைப் பெட்டிப் பயணம் பொற்காலம் என்கிறார்களே?

பதில்: படுத்தவருக்குப் பொற்காலம். இரவெல்லாம் விழித்து அவர் ஷூவுக்குப் பாலீஷ் போட்ட கறுப்பினப் போர்ட்டரை, சொந்தப் பெயர் கேட்காமல் 'ஜார்ஜ்' என்று கூப்பிட்டார்கள். முதலாளி ஜார்ஜ் புல்மேனின் பெயர் அது. 1925-இல் ஃபிலிப் ராண்டால்ஃப் தலைமையில் சங்கம் கட்டினார்கள். கம்பெனி ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட 1937 ஆனது.

கேள்வி: நம் ஊரில் பயணிகள் ரயில் இழுத்த டபிள்யூ.பி. நீராவி என்ஜின் அமெரிக்க வம்சமா?

பதில்: முதல் தொகுதி அப்படித்தான். 1947-இல் அமெரிக்காவின் பால்ட்வின் கம்பெனி செய்து அனுப்பியது. அப்புறம் கனடா, போலந்து, ஆஸ்திரியா என்று சுற்றி, 1963-இல் தயாரிப்பு மேற்கு வங்கத்து சித்தரஞ்சன் தொழிற்சாலைக்கு வந்தது.