பிளாக்பெரி, மல்பெரி, காட்டுப்பழம்: வீட்டுத் தோட்டக் கேள்வி பதில்

கோலாலம்பூர், பினாங்கு வாசகர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. பாதிக்கு மேல் ஒரே வருத்தம்தான்: செடி தழைக்கிறது, பழம் வரவில்லை. அதனால் அதற்கான பதில் மட்டும் கொஞ்சம் நீளம்.

செந்தூல்: அக்கா, ஆன்லைன்ல பிளாக்பெரி கன்று வாங்கி வெச்சேன். ஒன்றரை வருஷமாச்சு. ஆறடிக்கு மேல கொடி ஓடுது, முள்ளும் இலையும் செழிப்பா இருக்கு. ஆனா ஒரு பூகூட இல்ல. உரம் பத்தலையா?

உரம் இல்லை தம்பி, குளிர்தான் பத்தவில்லை. இலை உரத்தை இன்றே நிறுத்துங்கள். நைட்ரஜன் கூடினால் இன்னும் இலைதான் வரும்.

பிளாக்பெரியின் வேர்க்கட்டை பல வருடம் உயிரோடு இருக்கும். அதிலிருந்து கிளம்பும் ஒவ்வொரு தண்டுக்கும் ஆயுள் இரண்டே வருடம். முதல் வருடம் நீளமாக ஓடி இலை விடும், குளிர்காலத்தில் உறங்கும். மறு வருடம் பக்கக் கிளைகளில் பூத்துக் காய்த்து, அத்தோடு காய்ந்துவிடும். இடையில் வரும் அந்த உறக்கம் இல்லாமல் மொட்டு சரியாக விழிக்காது. ரகத்தைப் பொறுத்து 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே ஏறக்குறைய 200 முதல் 900 மணி நேரம் தேவைப்படும். கோலாலம்பூரில் விடியற்காலையிலேயே 23, 24 டிகிரி இருக்கிறது. உங்கள் செடி இரண்டாம் வருடத்துக்கான சமிக்ஞைக்காகவே காத்துக்கொண்டிருக்கிறது. அது வரப்போவதில்லை.

முதல் வருடத் தண்டின் நுனியிலேயே பூக்கும் ரகங்களும் உண்டு. அமெரிக்காவின் ஆர்கன்சா பல்கலைக்கழகம் 2009-இல் வெளியிட்ட ‘பிரைம்-ஆர்க் 45’ அப்படிப்பட்டது. இவற்றுக்குக் குளிர் உறக்கம் கட்டாயமில்லை. ஆனால் பகல் வெப்பம் 30 டிகிரியை ஒட்டிப் போனாலே மகரந்தம் கெட்டு, காய்ப்பிடிப்பு குறைந்துவிடும். நம் மதியம் 32, 33. பூ வந்தாலும் பழத்தில் நாலைந்து மணிகள் மட்டும் திரண்டு, மீதி கருகிய கோணல் பழம்தான் கிடைக்கும்.

‘மெக்சிகோவில் விளைகிறதே’ என்று சிலர் கேட்கிறார்கள். விளைகிறது. மிச்சோவாக்கான் மாநிலத்தில் இலைகளை உதிர்க்க வைத்து, ‘டுப்பி’ ரகத்தை வேண்டிய காலத்தில் பூக்க வைக்கிறார்கள். ஆனால் அது மேட்டு நிலம், இரவு குளிரும். நம் நாட்டில் அதற்கு ஈடு சொல்ல வேண்டுமானால் 1,400 மீட்டருக்கு மேலுள்ள கேமரன் மலைதான், செந்தூல் ஆகாது.

பிடுங்க மனமில்லையென்றால் ஒரு முயற்சி செய்யலாம். முற்றிப் பழுப்பான தண்டுகளை ஒரு மீட்டர் உயரத்தில் வெட்டி, இலைகளை உருவிவிட்டு, காலை வெயில் மட்டும் படும் இடத்துக்கு மாற்றுங்கள். ஒரு கைப்பிடி பழம் வந்தால் நல்லது. அதற்கு மேல் நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். இன்னொன்று: தண்டின் நுனி மண்ணைத் தொட்டால் அங்கேயே வேர் விட்டுப் புதுச் செடியாகிவிடும். பக்கத்து வீட்டு வேலிக்குள் போய் இறங்காமல் கட்டி வையுங்கள்.

பாயான் லெப்பாஸ்: என் செடியில முள்ளே இல்லக்கா. கறுப்பா நீளமா பழம் வருது. விற்றவர் ‘முள்ளில்லா பிளாக்பெரி’னு சொன்னார். நிஜமா?

முள்ளை வைத்து முடிவு செய்ய முடியாது. ‘நவாஹோ’, ‘டிரிபிள் கிரவுன்’ போன்ற முள்ளில்லாத பிளாக்பெரி ரகங்கள் உண்மையாகவே இருக்கின்றன. ஆனாலும் பினாங்கு வெயிலில் தவறாமல் காய்க்கிறது என்றால் அது மல்பெரி என்றே தோன்றுகிறது.

ஒரு இலையைக் காம்போடு கிள்ளுங்கள். வெள்ளைப் பால் கசிந்தால் மல்பெரி. பிளாக்பெரியில் பால் கிடையாது, ஒரு காம்பில் மூன்று அல்லது ஐந்து சிற்றிலைகள் இருக்கும். அதன் பூவில் ஐந்து இதழ்கள் பளிச்சென்று தெரியும். மல்பெரிக்கு இதழே இல்லை, பச்சைப் புழுபோல் தொங்கும் பூங்கொத்துதான். பழத்தைப் பறித்தும் பாருங்கள். மல்பெரியில் மெல்லிய பச்சைக் காம்பு பழத்தோடு வரும், அது பழத்தின் நடுவே ஓடும். பிளாக்பெரி காம்பை விட்டுக் கழன்று வரும், உள்ளே வெண்மையான தண்டு பழத்தோடேயே இருக்கும். ராஸ்பெரியில் அந்தத் தண்டு செடியிலேயே தங்கி, பழம் உள்ளே வெற்றாக இருக்கும்.

மல்பெரி என்றால் வருத்தப்படாதீர்கள். நம் சீதோஷ்ணத்துக்கு அதைவிடப் பொருத்தமான கறுப்புப் பழம் வேறில்லை. வருத்தமெல்லாம் பிளாக்பெரி விலைக்கு அதை விற்பதுதான். பால் சோதனையை வாங்குவதற்கு முன்பே செய்யுங்கள்.

செராஸ்: மல்பெரி குச்சி நட்டா ரெண்டே வாரத்துல துளிர்க்குது, அப்புறம் வாடிச் செத்துப்போகுது. ஏன்?

துளிரைப் பார்த்து வேர் வந்துவிட்டதென்று நம்பி வெயிலில் வைத்திருப்பீர்கள். முதல் இலைகள் குச்சிக்குள் சேர்ந்திருக்கும் சத்தில் வருபவை. வேர் பிடிக்க மூன்று நாலு வாரமாகும்.

பென்சில் கனமுள்ள, பழுப்பேறிய குச்சியை 20 சென்டிமீட்டருக்கு வெட்டுங்கள். பச்சை நுனி அழுகிப்போகும், வேண்டாம். நாலு கணு இருக்கட்டும், இரண்டு மண்ணுக்குள் போகட்டும். அடிப்பக்கம் சாய்வாக வெட்டினால் தலைகீழாக நடும் பிழை வராது. கருக்கிய உமியும் தேங்காய் நார்த்தூளும் சம அளவு போதும், உரம் கூடாது. நிழலில் வைத்து, ஈரம் காயாமல் பாருங்கள். குச்சியிலேயே குட்டிப் பழம் வந்தால் கிள்ளிவிடுங்கள், அது வேருக்குப் போக வேண்டிய சத்தைத் தின்றுவிடும். பையின் அடியில் வேர் எட்டிப் பார்த்த பிறகு ஒரு வாரம் காலை வெயில், அதன் பின் முழு வெயில்.

கெப்போங்: தரையில வெச்ச மல்பெரி மாடி வரைக்கும் வளந்துடுச்சு. பழம் உச்சியில நாலஞ்சுதான். தொட்டியில மாத்தணுமா?

தொட்டி வேண்டாம் ஐயா, கத்தரிக்கோல் போதும்.

மல்பெரியில் முற்றிய கிளையின் ஒவ்வொரு இலைக்கக்கத்திலும் ஒரு மொட்டு உறங்குகிறது. அந்த மொட்டு விழித்துப் புதுத் தளிர் விடும்போதுதான் தளிரின் அடியில் பழமும் சேர்ந்து வரும். கிளை நுனி வளர்ந்துகொண்டே இருக்கும்வரை கீழ் மொட்டுகள் அடங்கியே கிடக்கும். நுனியை வெட்டி இலையை உருவினால் அத்தனையும் ஒரே சமயத்தில் எழும்.

மரத்தை உங்கள் தோள் உயரத்துக்குக் கொண்டுவாருங்கள். பழுப்பேறிய கிளைகளில் நுனிப்பக்கம் மூன்றில் ஒரு பங்கை வெட்டுங்கள். உள்நோக்கிப் போகும் குச்சி, உரசிக்கொள்ளும் கிளை எல்லாவற்றையும் அடியோடு எடுங்கள். பிறகு மீதியுள்ள இலைகளை ஒவ்வொன்றாகக் கிள்ளுங்கள். மேலிருந்து கீழே இழுத்தால் தோலோடு மொட்டும் போய்விடும். காம்பைப் பிடித்து நுனிப்பக்கமாக மடக்கினால் சுத்தமாக வரும். ஒற்றை இலைகூட விடாதீர்கள். பச்சைத் தண்டை மட்டும் தொட வேண்டாம், அதன் மொட்டு இன்னும் பழத்துக்குத் தயாராகவில்லை.

அன்றைக்கே இரண்டு கை மக்கிய உரமும், தழை, மணி, சாம்பல் சத்து சமமாக உள்ள 15:15:15 உரம் இரண்டு மேசைக்கரண்டியும் கிளைவட்டத்தின் ஓரத்தில் தூவி நீர் விடுங்கள். தொட்டிச் செடிக்கு ஒரு மேசைக்கரண்டிக்கு மேல் போனால் வேர் கருகும். ஒன்றிரண்டு வாரத்தில் தளிரும் பூங்கொத்தும் வரும், பொதுவாக ஐந்தாறு வாரத்தில் பழம். அந்த நாட்களில் மண் ஒருமுறை காய்ந்து வெடித்தாலும் பச்சைக் காய்கள் கொட்டும். அறுவடை முடிந்ததும் இதையே மறுபடி செய்யலாம். இரண்டு மரம் இருந்தால் ஒரு மாதம் முன்பின்னாக வெட்டுங்கள், பழம் விட்டுவிட்டு வந்துகொண்டிருக்கும்.

ஜெலுத்தோங்: நுனி இலையெல்லாம் சுருண்டு, கருகரும்பச்சையா தடிச்சு, உள்ள வெள்ளைப் பஞ்சு. மருந்து என்ன அடிக்கலாம்?

மாவுப்பூச்சி. நுனி இப்படிக் கொத்தாகச் சுருள்வதை மல்பெரி விவசாயிகள் ‘துக்ரா’ என்பார்கள். பூச்சி சுருளுக்குள் ஒளிந்திருப்பதால் மேலே தெளிக்கும் மருந்து அதை எட்டாது. சுருண்ட நுனிகளை வெட்டி, பிளாஸ்டிக் பையில் போட்டு இறுகக் கட்டி எறியுங்கள். மீதிக் கிளையில் குழாய் நீரை வேகமாகப் பீய்ச்சுங்கள். பிறகு ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி பாத்திரம் கழுவும் சோப்பு கலந்து, மாலையில், இலையின் அடிப்பக்கம் நனையத் தெளியுங்கள். ஐந்து நாள் இடைவெளியில் மூன்று முறை. எறும்பு ஏறாமல் தண்டைச் சுற்றி டேப் ஒட்டி கிரீஸ் தடவுங்கள். எறும்பு அந்தப் பூச்சியின் தேன்துளிக்காக அதைக் காவல் காக்கும்.

கடும் விஷ மருந்து வேண்டாம் என்பதற்குக் காரணம் உண்டு. 2008-இல் கோயம்புத்தூரில் காணப்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி, தமிழ்நாட்டு மல்பெரித் தோட்டங்களை நாசமாக்கியது. அதை அடக்கியது 2010-இல் கொண்டுவந்து விட்ட ‘அசிரோபேகஸ் பப்பாயே’ என்ற சின்னக் குளவி. விஷம் அடித்தால் முதலில் சாவது இப்படிப்பட்ட நண்பர்கள்தான்.

ஆயர் ஈத்தாம்: பழம் சிவந்ததுமே குருவி கொத்துது. பறிச்சு வெச்சா வீட்டுல பழுக்குமா?

பழுக்காது. மல்பெரியும் சரி, பிளாக்பெரியும் சரி, பறித்த பிறகு நிறம் கொஞ்சம் மாறலாம், இனிப்பு ஏறாது. விரல் நுழையாத அளவு கண்ணுள்ள வலையை இழுத்துக் கட்டுங்கள். தளர்வாகத் தொங்கினால் பறவை சிக்கிச் சாகும். குரங்கு வரும் பக்கம் வலை நிற்காது, கறுத்ததை அன்றன்றே பறிப்பதுதான் வழி.

கறுப்பு மட்டும் பழுத்ததற்கு அடையாளமல்ல. பளபளவென்று மின்னும் கறுப்பு இன்னும் புளிக்கும். மினுக்கம் போய், மணிகள் உப்பி, மங்கலான கறுப்பானதும் தொட்டால் கையில் விழும். இழுக்க வேண்டியிருந்தால் ஒரு நாள் விடுங்கள். காலையில், பனி ஈரம் காய்ந்த பிறகு பறியுங்கள். அகலத் தட்டில் இரண்டு அடுக்குக்கு மேல் வேண்டாம், அடியிலுள்ளது நசுங்கி மறுநாளே பூஞ்சை பிடிக்கும். சாப்பிடும் நேரத்தில் கழுவினால் போதும். குளிர்பெட்டியில் இரண்டு மூன்று நாள் தாங்கும்.

பட்டர்வொர்த்: எங்க தாமான் (குடியிருப்பு) ஓரத்துல கறுப்பா கொத்துக் கொத்தா ஒரு பழம். பிள்ளைங்க பிளாக்பெரினு பறிக்கிறாங்க. சாப்பிடலாமா அக்கா?

விடாதீர்கள் அம்மா. மஞ்சள், ஆரஞ்சு, இளஞ்சிவப்புப் பூக்கள் ஒரே கொத்தில் கலந்திருக்கிறதா, இலையைக் கசக்கினால் காரமான நெடி வருகிறதா என்று பாருங்கள். அப்படியானால் அது உண்ணிச்செடி. மலாய்க்காரர்கள் ‘பூங்ஙா தாஹி ஆயாம்’ (bunga tahi ayam) என்பார்கள். அதன் பச்சைக் காய் நஞ்சு. ஒரே கொத்தில் பச்சையும் கறுப்பும் கலந்திருப்பதால் பிள்ளைகள் பிரித்துத் தின்ன மாட்டார்கள். அதன் மணிகள் தனித்தனி உருண்டைகளாக நிற்கும், பிளாக்பெரியில் எல்லாம் ஒட்டி ஒரே பழமாக இருக்கும். பிள்ளை ஏற்கெனவே தின்றிருந்தால், செடியின் கிளை ஒன்றையும் எடுத்துக்கொண்டு உடனே கிளினிக்குக்குப் போங்கள்.

பிரிக்பீல்ட்ஸ்: கேமரன்ல ரோட்டோரமா சிவப்புக் காட்டுப் பெரி பார்த்தோம். கொண்டுவந்து நடலாமா?

மலைப்பகுதியில் அப்படி அதிகம் தென்படுவது ரூபஸ் ரோசிபோலியஸ். சிவப்பாக, உள்ளே வெற்றாக இருக்கும்; தின்னலாம், இனிப்பு குறைவு. நகரத்துச் சூட்டில் அது வாடும். தாழ்ந்த காட்டோரங்களிலும் வளரும் உறவு ரூபஸ் மொலுக்கானஸ். மடலுள்ள ஒற்றை இலை, அடியில் பஞ்சு போன்ற மென்மயிர், கொக்கி முள். நடுவதானால் இதற்குத்தான் வாய்ப்பு அதிகம். ஆனால் ஒதுக்கப்பட்ட காட்டிலிருந்து உரிமம் இல்லாமல் எதையும் எடுப்பது 1984-ஆம் ஆண்டு தேசிய வனச் சட்டப்படி குற்றம். தனியார் நிலம் என்றால் உரிமையாளரைக் கேட்டுக் குச்சி எடுங்கள்.

புக்கிட் மெர்தாஜாம்: மகள் இங்கிலாந்துல படிக்கிறா. அங்க வேலியோரத்துல பிளாக்பெரி இலவசமா பறிக்கிறாங்களாம். பயமில்லையா? வரும்போது ஒரு கன்று கொண்டுவரச் சொல்லட்டுமா?

பறிக்கட்டும். ஆகஸ்ட்டும் செப்டம்பரும் அங்கே பருவம். தானாக விளைந்த பழத்தை விற்பனைக்காக அல்லாமல் சொந்தத்துக்குப் பறித்தால் திருட்டாகாது என்று அந்நாட்டின் 1968-ஆம் ஆண்டுத் திருட்டுச் சட்டமே சொல்கிறது. அடுத்தவர் வளாகத்துக்குள் மட்டும் கேட்காமல் நுழையக் கூடாது. வண்டி ஓடும் சாலையோரமும், களைக்கொல்லி அடித்துக் கருகிய புதரும் வேண்டாம். நாய்கள் நடக்கும் பாதையில் இடுப்புக்கு மேலே உள்ளதைப் பறிக்கச் சொல்லுங்கள். தடித்த முழுக்கைச் சட்டை அவசியம், முள் பின்னோக்கி வளைந்திருக்கும்.

கன்று, குச்சி, விதை எதுவும் வேண்டாம். 1976-ஆம் ஆண்டுத் தாவரத் தனிமைக்காப்புச் சட்டப்படி இறக்குமதி அனுமதி வேண்டும். இல்லையென்றால் விமான நிலையத்தில் அதிகாரிகள் பறிமுதல் செய்வார்கள். ஒரு குச்சியோடு புது நோய் நாட்டுக்குள் நுழைய முடியும், அந்தக் கெடுபிடி நியாயமானது.

வங்சா மாஜு: கொண்டோ பால்கனியில தொட்டிக்கு அடியில தட்டு வைக்கலாமா?

வைத்தால் வாரம் ஒருமுறையாவது நீரைக் கொட்டித் தேய்த்துக் கழுவுங்கள். ஏடிஸ் முட்டை கொசுவாக ஏழு முதல் பத்து நாள் போதும், சோதனையில் ஜென்டிக் (கொசுப்புழு) கண்டுபிடிக்கப்பட்டால் அபராதமும் உண்டு. தட்டில் மணலை நிரப்பிவிடுவது சுலபம்.

தஞ்சோங் பூங்கா: பழம் நிறைய வந்தா ஜாம் அளவு சொல்லுங்க அக்கா. போன தடவை தண்ணியாவே இருந்துச்சு.

முழுக்கப் பழுத்ததை மட்டும் போட்டிருப்பீர்கள். கனிந்த பழத்தில் பெக்டினும் புளிப்பும் குறைவு, அதனால் இறுகாது. ஒரு கிலோவில் கால் கிலோ சிவப்புப் பழமாக இருக்கட்டும். காம்பைக் கத்தரியால் நறுக்கிவிட்டு, 600 கிராம் சீனி கலந்து இரண்டு மணி நேரம் ஊற வையுங்கள். அகலமான பாத்திரத்தில் கொதிக்கத் தொடங்கியதும் மூன்று மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு விட்டு, பெரிய தீயில் அடி பிடிக்காமல் கிளறுங்கள். உறைபெட்டியில் வைத்த தட்டில் ஒரு சொட்டு விட்டு விரலால் தள்ளுங்கள். மேலே தோல்போலச் சுருங்கினால் இறக்கலாம், நீர்போல ஓடினால் இன்னும் மூன்று நிமிடம். சீனி குறைவான ஜாம் இது. கொதிநீரில் போட்டெடுத்துக் காயவைத்த போத்தலில் ஊற்றி, குளிர்பெட்டியில் வைத்து ஒரு மாதத்துக்குள் தீர்த்துவிடுங்கள்.