ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊரில் ஓடும் 2013 ரெனோ டஸ்டர் காருக்கு எந்த ஷாக் அப்சார்பர் போடலாம்?

முன்பக்கம் தடதடக்கிறது, ஒரு பக்க ஷாக்கில் ஆயில் கசிகிறது, அதை மட்டும் மாற்றினால் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது. இடதும் வலதும் ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் பிரேக் பிடிக்கும்போது வண்டி ஒரு பக்கம் இழுக்கலாம்.

டஸ்டரில் முன்னால் இருப்பது ஸ்ட்ரட். ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒரே தொகுப்பாக வரும், எப்படியும் கழற்றத்தான் போகிறீர்கள் என்பதால் மேல் மவுண்ட் (ஸ்ட்ரட்டை பாடியோடு பிடிக்கும் பகுதி), பேரிங், பம்ப் ஸ்டாப் (ஷாக் முழுதாக அமுங்கும்போது இடிக்காமல் தாங்கும் ரப்பர்), தூசி உறை எல்லாவற்றையும் சேர்த்தே புதிதாகப் போட்டுவிடுங்கள், பழைய மவுண்டை விட்டால் அந்தத் தடதடப்பு போகாமலே இருக்கலாம். காரோடு வந்த அளவிலேயே, கேஸ் நிரப்பியது வாங்குங்கள். உயரம் கூட்டும் கிட் வேண்டாம்.

நம்ம ஊரில் உண்மையான எதிரி உப்புக்காற்று. என் பழைய ஷாக்கைக் கழற்றியபோது பளபளக்க வேண்டிய தண்டில் ஊசிமுனை அளவுக்குத் துருப் புள்ளிகள், விரலால் தடவினால் சொரசொரவென்று இருந்தது. அதுதான் ஆயில் வெளியே வராமல் தடுக்கும் சீலை அறுத்திருக்கிறது. அதனால் தூசி உறை கிழியாமல் இருக்கிறதா என்று அடிக்கடி பாருங்கள், தனுஷ்கோடி போய்வந்தால் அடிப்பாகத்தை நல்ல தண்ணீரில் கழுவுங்கள்.

அப்புறம், ஸ்பிரிங்கை அழுத்தும் கருவி இல்லாத மெக்கானிக்கிடம் விடாதீர்கள், தெறித்தால் உயிருக்கே ஆபத்து. வேலை முடிந்ததும் வீல் அலைன்மென்ட் கட்டாயம்.