காதால் எழுத வேண்டிய பெயர்கள் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

உலக ராக் இசைக்குழுக்களைப் பற்றித் தமிழில் ஒரு சிறு கலைக்களஞ்சியம் தொகுத்து வருகிறேன். பெயர்களில்தான் தடுமாறுகிறேன். கனடாப் பாடகி கே. டி. லேங் தன் பெயரை முழுக்கச் சிறிய ஆங்கில எழுத்துகளில் எழுதுகிறார். ஸ்வீடனின் ‘அப்பா’ குழு முழுக்கப் பெரிய எழுத்துகளில். தமிழில் இதைக் காட்ட எழுத்தின் அளவை மாற்றலாமா? கிளாஸ்கோவைச் சேர்ந்த ஒரு குழுவின் பெயரில் ‘யு’ வர வேண்டிய இடத்தில் ‘வி’ இருப்பதால் ‘ச்வர்ச்சஸ்’ என்று எழுதியிருக்கிறேன். சரியா? மூன்று ஆச்சரியக்குறிகளையே பெயராக வைத்திருக்கும் குழுவை எந்த எழுத்தின் கீழ் சேர்ப்பது? மாதிரிப் பக்கங்களை இணைத்துள்ளேன்.

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதம் வந்த வாரத்தில் என் பழைய கட்டுரைகளைத் தொகுப்புக்காகத் திருத்திக்கொண்டிருந்தேன். அவற்றில் ஒன்றில் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக என்னை உறுத்தும் ஒரு பிழை இருக்கிறது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

எழுத்தின் அளவை மாற்றாதீர்கள். நம் எழுத்தில் சிறியது பெரியது என்ற பேதம் இல்லை. இல்லாத ஒன்றை அச்சில் உண்டாக்கிக் காட்டுவது வாசகரின் கண்ணுக்குத் தொல்லை. ஆங்கிலக் கலைக்களஞ்சியக்காரர்கள் இதற்காக ஓயாமல் சண்டையிடுகிறார்கள். ஆங்கில விக்கிப்பீடியா பொதுவாகக் குழுக்களின் எழுத்து அலங்காரத்தைத் தலைப்பில் ஏற்பதில்லை, முதல் வரியில் குறிப்பிட்டுவிட்டு நகர்ந்துவிடும். லேங் போன்ற சிலருக்கு விலக்கு அளித்து அவர்கள் விரும்பியபடி எழுதுகிறது. நீங்களும் ‘இவர் தன் பெயரைச் சிறிய எழுத்துகளில் எழுதுவார்’ என்று ஒரு வரி சேர்த்தால் போதும்.

என்னை வருத்தியது ‘ச்வர்ச்சஸ்’. அந்தக் குழுவினரின் பாட்டு ஒன்றையேனும் கேட்டீர்களா? ஒரு பேட்டியையாவது? இணையத்தில் தேடுகிறவர்கள் உண்மையான தேவாலயங்களின் பட்டியலில் போய் விழக் கூடாது என்பதற்காகவே அவர்கள் ‘வி’யைப் போட்டார்கள். பழைய ரோமானியக் கல்வெட்டுகளில் அந்த ஒரே எழுத்துதான் இரண்டு ஒலிகளுக்கும் நின்றது. சொல் ‘சர்ச்சஸ்’தான், சொல்வதும் அப்படித்தான். தேடுபொறிக்காகச் செய்த ஏற்பாட்டை நீங்கள் தமிழரின் நாக்கில் ஏற்றிவிட்டீர்கள். அதே பக்கத்தில் ‘சேட்’ என்றும் ஒரு குழு இருக்கிறது. நைஜீரியாவின் இபாதானில் பிறந்த பாடகியின் யொரூபாப் பெயரான ஃபோலஷாடேயின் பின்பாதி அது. ‘ஷாடே’ என்று அவர் வீட்டில் அழைத்த பெயரை நீங்கள் ஆங்கில எழுத்துக்கூட்டி வட்டிக்கடைக்காரர் பெயராக்கியிருக்கிறீர்கள். முன்னதை அவசரம் என்று மன்னிக்கலாம். இதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

ஆங்கிலத்தில் கலைக்களஞ்சியம் எழுதுகிறவர் ஒரு குழுவின் பெயரை எப்படிச் சொல்வது என்று தெரியாமலேயே பிழையின்றி எழுதிவிட முடியும். இசைத்தட்டின் அட்டையில் இருக்கும் எழுத்துகளை அப்படியே பெயர்த்து வைத்தால் முடிந்தது. தமிழில் எழுதுகிறவருக்கு அந்த வழி கிடையாது. காதால் கேட்காமல் நம்மால் முதல் எழுத்தைக்கூட எழுத முடியாது. எம்.ஜி.எம்.டி. என்ற குழுவை நான்கு எழுத்துகளாகச் சொல்ல வேண்டும் என்பது தெரிந்தால்தான் நான்கு எழுத்துகளாக எழுத முடியும். மோட்டர்ஹெட் குழு தன் பெயரின் மேல் வைத்த இரட்டைப் புள்ளி முரட்டுத் தோற்றத்துக்காக மட்டுமே, ஒலியை அது தொடவில்லை என்பது தெரிந்தால்தான் அதைப் பொருட்படுத்தாமல் விட முடியும். இதை நம் எழுத்தின் குறை என்று பலர் நினைக்கிறார்கள். அது நம்மேல் சுமத்தும் கடமை என்று நான் நினைக்கிறேன்.

அந்தக் கடமையில் நான் தவறிய கதையைச் சொல்கிறேன். 1980களின் கடைசியில் மதுரை டவுன் ஹால் ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில், கேட்ட பாட்டுகளைக் கேசட்டில் பதிந்து கொடுக்கும் ஒரு கடை இருந்தது. அதை நடத்திய அண்ணன் எட்டாம் வகுப்பைத் தாண்டாதவர். இரவெல்லாம் சிற்றலை வானொலி கேட்பார். அறிவிப்பாளர் சொன்ன பெயரைக் காதில் விழுந்தபடியே தமிழில் கேசட்டின் மேல் எழுதி ஒட்டுவார். அவர் கொடுத்த ஒரு கேசட்டில் ‘இன் எக்சஸ்’ என்று இருந்தது. அதே ஆண்டில் ஓர் ஆங்கிலப் பத்திரிகையில் சிட்னியைச் சேர்ந்த குழு ஒன்றைப் பற்றிப் படித்தேன். ஐ, என், எக்ஸ், எஸ் என்ற நான்கு எழுத்துகளை நானாகக் கூட்டி ‘இங்க்ஸ்’ என்று வாசித்துக்கொண்டேன். பிறகு ஒரு சிற்றிதழில் எழுதிய கட்டுரையில் ‘இங்க்ஸ்’ குழுவை வியந்து பாராட்டிவிட்டு, ‘இன் எக்சஸ்’ அதை நகலெடுப்பதாகக் குற்றம்சாட்டினேன். இரண்டும் ஒன்றே என்று தெரிந்தபோது கடையைத் தேடிப் போனேன். அண்ணன் கடையை விட்டுவிட்டு ஊருக்குப் போயிருந்தார். கல்லூரியில் படித்த நான் கண்ணை நம்பிக் கெட்டேன், அவர் காதை நம்பிச் சரியாக எழுதியிருந்தார். அவரிடம் இதைச் சொல்லும் வாய்ப்பு எனக்குக் கடைசிவரை கிடைக்கவில்லை.

ஆகவே ஒவ்வொரு குழுவுக்கும் அவர்களே தங்கள் பெயரைச் சொல்லும் ஒலிப்பதிவைத் தேடிக் கேளுங்கள். ஃபுளோரிடாவின் லெனர்ட் ஸ்கினர்ட் குழு, நீள முடி வளர்த்த மாணவர்களைக் கண்டித்த ஓர் உடற்பயிற்சி ஆசிரியரின் பெயரில் உயிரெழுத்துகளையெல்லாம் ‘ஒய்’ ஆக மாற்றித் தனக்குச் சூட்டிக்கொண்டது. 1973இல் வெளிவந்த முதல் இசைத்தட்டுக்கு அந்தப் பெயரை உச்சரிக்கும் முறையையே தலைப்பாகவும் வைத்தது. எல்லாரும் இவ்வளவு உதவ மாட்டார்கள். 1993இல் அமெரிக்கப் பாடகர் பிரின்ஸ் தன் பெயரை ஒலியே இல்லாத ஒரு குறியாக மாற்றிக்கொண்டபோது, அந்தக் குறியை அச்சிடுவதற்கான எழுத்துருவை நெகிழ்வட்டில் போட்டுப் பத்திரிகைகளுக்கு அனுப்பினார்கள். அச்சிட முடிந்தது, வாயால் சொல்ல முடியவில்லை. ‘முன்பு பிரின்ஸ் என்று அறியப்பட்ட கலைஞர்’ என்று உலகம் அவரைச் சுற்றிவளைத்து அழைத்தது. 2000இல் அவர் பழைய பெயருக்கே திரும்பினார்.

உங்கள் ஆச்சரியக்குறிக் குழுவைப் பெரும்பாலோர் ‘ச்சிக் ச்சிக் ச்சிக்’ என்கிறார்கள், சகர வரிசையில் சேருங்கள்.

கடைசியாக ஒன்று. ‘அப்பா’ என்ற தலைப்பை இன்றே நீக்குங்கள். அக்னேத்தா, பியோர்ன், பென்னி, அன்னிஃப்ரிட் என்ற நால்வரின் முதலெழுத்துகள் சேர்ந்த பெயர் அது. தமிழில் பகரம் இரட்டித்தால் வல்லோசைதான் வரும். அவர்கள் சொல்லும் மெல்லிய ஒலியை ‘ப்பா’ ஒருபோதும் தராது, வாசகருக்குத் தந்தைதான் நினைவுக்கு வருவார். ‘அபா’ என்று எழுதி, ‘அபாயம்’ என்ற சொல்லின் முதல் இரண்டு எழுத்துகளைப் போல ஒலிக்க வேண்டும் என்று பக்கத்திலேயே குறிப்பிடுங்கள்.

திருத்திய பக்கங்களை அனுப்புங்கள், படித்துப் பார்க்கிறேன். இன் எக்சஸ் குழுவைப் பற்றிய குறிப்பை மட்டும் நீங்கள் எழுத வேண்டாம். அதை நான் எழுதித் தருகிறேன்.