வாசகர் கேள்வி–பதில்: யார் செய்த பாவம், யாருக்குத் தண்டனை?

கேள்வி: ஐயா, என் மகனுக்கு ஆறு வயது. பிறவியிலேயே காது கேட்காது, பேச்சும் வரவில்லை. என் மாமனார் குடித்தும் பலரை ஏமாற்றியும் வாழ்ந்தவர். அவர் செய்த பாவம்தான் பேரன்மேல் இறங்கியிருக்கிறது என்று ஜெபக்குழுவில் ஒருவர் சொல்லி, யாத்திராகமம் 20-ஐயும் திறந்து காட்டினார். சாபத்தை முறிக்க உபவாச ஜெபம் நடத்த வேண்டுமாம், அதற்கு ஒரு காணிக்கையாம். அன்றிலிருந்து என் கணவர் பிள்ளையின் முகத்தைப் பார்ப்பதையே தவிர்க்கிறார். நான் என்ன செய்வது? – ஒரு தாய்

பதில்: அம்மா, அந்தக் காணிக்கையைக் கொடுக்காதீர்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

உங்களுக்குக் காட்டிய வசனத்தை முழுவதும் வாசித்துப் பாருங்கள். பிதாக்களுடைய அக்கிரமத்தை மூன்றாம் நான்காம் தலைமுறைமட்டும் விசாரிக்கிறவர் என்று சொல்கிற அதே வசனம், 'என்னைப் பகைக்கிறவர்களைக்குறித்து' என்றும் சொல்கிறது. அடுத்த வசனத்தில் ஆயிரம் தலைமுறைக்கு இரக்கம் வருகிறது. மூன்றையும் நான்கையும் எண்ணிக் காட்டியவர் ஆயிரத்துக்கு வரவே இல்லை. என் கோபம் அங்கேதான்.

பாவத்துக்கு விளைவு உண்டு. அது அடுத்த தலைமுறையைத் தொடுவதும் உண்டு. குடிகாரத் தகப்பனின் வீட்டில் வளர்ந்த பிள்ளை பயத்தைக் கற்றுக்கொள்கிறான், சில சமயம் அடியையும் குடியையும் கற்றுக்கொள்கிறான். உங்கள் கணவரின் மனதில் அப்படி ஒரு காயம் இருக்கலாம். அதை அவர் யாரிடமாவது பேச வேண்டும். ஆனால் உங்கள் மகனின் காது அந்தக் கணக்கில் வராது.

பாபிலோனில் சிறைப்பட்டிருந்த யூதர்கள் ஒரு பழமொழியைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்: பிதாக்கள் திராட்சக்காய்களைத் தின்றார்கள், பிள்ளைகளின் பற்கள் கூசிப்போயின. இனி இந்தப் பழமொழியைச் சொல்லவே வேண்டாம் என்று கர்த்தர் எசேக்கியேல் தீர்க்கதரிசி மூலமாகக் கட்டளையிட்டார். 18-ஆம் அதிகாரம் முழுவதும் இதே பேச்சுதான். 'பாவஞ்செய்கிற ஆத்துமாவே சாகும்'. மகன் தகப்பனுடைய அக்கிரமத்தைச் சுமப்பதில்லை. கோராகை நினைத்துக்கொள்ளுங்கள். மோசேக்கு எதிராக எழும்பினான், பூமி அவனை விழுங்கியது. ஆனால் எண்ணாகமம் 26-இல் ஒரு சின்ன வரி இருக்கிறது: கோராகின் குமாரர் சாகவில்லை. அந்த வம்சத்தார் பிற்பாடு ஆலய வாசல்களைக் காத்தார்கள். 'உமது வாசஸ்தலங்கள் எவ்வளவு இன்பமானவைகள்' என்று தொடங்கும் 84-ஆம் சங்கீதம் கோராகின் புத்திரருடையது. தகப்பனின் பெயரைத் தலைப்பில் வைத்துக்கொண்டே அவர்கள் தேவனைப் பாடினார்கள்.

பிறவிக் குருடனைப் பார்த்த சீஷர்கள், உங்கள் ஜெபக்குழுக்காரர் சொன்னதைத்தான் கேள்வியாகக் கேட்டார்கள்: இது யார் செய்த பாவம்? 'இவன் செய்த பாவமுமல்ல, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமுமல்ல' என்றார் இயேசு. யோவான் 9-ஐ உங்கள் கணவர் சத்தமாக வாசிக்கட்டும். லேவியராகமம் 19:14-ஐயும் அவருக்குக் காட்டுங்கள். செவிடனை நிந்திக்கக் கூடாது என்று அங்கே சட்டமே இருக்கிறது. கேட்காத ஒரு பிள்ளையைச் சாபம் என்று சொன்னவர் இந்தக் கட்டளையை மீறியிருக்கிறார்.

மகனுக்குச் சைகை மொழி கற்றுக்கொடுக்கத் தொடங்கிவிட்டீர்களா? இல்லையென்றால் தள்ளிப்போடாதீர்கள். அவனோடு சேர்ந்து நீங்கள் இருவரும் கற்றுக்கொள்ளுங்கள். பேசுவதற்கு ஒரு மொழி கிடைத்துவிட்டால், தகப்பனும் மகனும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தே ஆக வேண்டும்.

கேள்வி: பிள்ளைகள் தகப்பனின் பாவத்தைச் சுமப்பதில்லை என்று நீங்கள் பிரசங்கித்ததைக் கேட்டிருக்கிறேன். அப்படியானால் தாவீதின் குழந்தை ஏன் செத்தது? – வேதபாட ஆசிரியர் ஒருவர்

பதில்: கஷ்டமான இடத்தைத் தொட்டிருக்கிறீர்கள். 2 சாமுவேல் 12-ஐ நான் மழுப்பப் போவதில்லை. உரியாவைக் கொல்லக் கொடுத்து அவன் மனைவியை எடுத்துக்கொண்ட ராஜாவிடம், கர்த்தர் உன் பாவம் நீங்கச்செய்தார், நீ சாகமாட்டாய், ஆனால் உனக்குப் பிறந்த பிள்ளை சாகும் என்று தீர்க்கதரிசி நாத்தான் சொல்கிறான். பட்டயம் உன் வீட்டைவிட்டு விலகாது என்பதும் அதே வாயிலிருந்து வருகிறது. மன்னிப்பும் விளைவும் அங்கே பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. பின்னால் அம்னோன் தங்கையைக் கெடுத்தான், அப்சலோம் அவனைக் கொன்றான், அப்சலோமும் மாண்டான். தகப்பன் செய்ததையே மகன்கள் அவன் கண்ணெதிரே செய்தார்கள்.

குழந்தையின் சாவைத் தாவீதுக்கு வந்த தண்டனையாகத்தான் வாசிக்கிறேன். குழந்தை குற்றவாளியாக எண்ணப்பட்டதாக அங்கே எதுவும் இல்லை. 'நான் அதினிடத்துக்குப் போவேன்' என்று தாவீது நம்பிக்கையோடுதான் சொன்னான். அதற்கு மேல் இந்தப் பகுதியில் எனக்கும் வலிதான், அந்த வலியோடுதான் வாசிக்கிறேன்.

ஆனால் ஒன்று கவனியுங்கள். இது தாவீதுக்குத் தெரிந்தது தேவன் ஒரு தீர்க்கதரிசியை அனுப்பிச் சொன்னதால். நோயையும் சாவையும் பார்த்து யாரும் ஊகித்துச் சொல்லவில்லை. அப்படி ஊகித்துச் சொன்னவர்கள், துன்பத்தில் கிடந்த யோபுவின் சிநேகிதர்கள். கடைசியில் கர்த்தருடைய கோபம் யோபுவின்மேல் மூளவில்லை, எலிப்பாஸ்மேலும் அவனுடைய இரண்டு தோழர்மேலும்தான் மூண்டது. சீலோவாமில் கோபுரம் விழுந்து செத்த பதினெட்டுப் பேரைப் பற்றி இயேசு சொன்னதும் இதுதான்: எருசலேமில் மற்றவர்களைவிட அவர்கள் அதிகக் குற்றவாளிகள் என்று நினைக்கிறீர்களா? அல்ல. நீங்கள் மனந்திரும்புங்கள். வகுப்பில் இந்த மூன்று பகுதிகளையும் சேர்த்தே நடத்துங்கள்.

கேள்வி: சில வருஷப் பாவத்துக்கு முடிவில்லாத நரகமா? இது எந்த ஊர் நியாயம்? – கல்லூரி மாணவர்

பதில்: தம்பி, 'சர்வலோக நியாயாதிபதி நீதிசெய்யாதிருப்பாரோ' என்று ஆபிரகாம் தேவனிடமே கேட்டிருக்கிறார். நீங்கள் கேட்பதில் தப்பில்லை. எல்லோருக்கும் ஒரே அளவு தண்டனை என்று வேதம் சொல்லவில்லை. எஜமானின் சித்தத்தை அறிந்தும் செய்யாதவனுக்கு அநேக அடிகள், அறியாதவனுக்குச் சில அடிகள் என்று லூக்கா 12-இல் இருக்கிறது. முடிவில்லாத பிரிவு உண்டு என்றே நான் விசுவாசிக்கிறேன், ஏனென்றால் மத்தேயு 25-இல் அதைச் சொல்பவர் இயேசு. தேவனை வேண்டாம் என்றவன் அவரை வேண்டாமலே இருந்துவிடுவதுதான் அதில் எனக்குப் பயங்கரமாகத் தெரிகிறது. நியாயந்தீர்க்கும் அதிகாரம் குமாரனுக்குக் கொடுக்கப்பட்டிருக்கிறது என்று யோவான் 5 சொல்கிறது. அநியாயத் தீர்ப்பு பெற்றுச் செத்த ஒருவர்தான் அந்த ஆசனத்தில் உட்காருகிறார். என் தலைவிதி அவர் கையில் இருப்பது எனக்குச் சம்மதம்.

கேள்வி: என் தம்பியைக் குடித்துவிட்டு வண்டி ஓட்டிய ஒருவன் மோதிக் கொன்றுவிட்டான். வழக்கு நடக்கிறது. சபையில் எல்லோரும், 'மன்னித்துவிடு, வழக்கை விட்டுவிடு, இல்லாவிட்டால் உன் பாவமும் மன்னிக்கப்படாது' என்கிறார்கள். நியாயம் கேட்பது பாவமா ஐயா? – ஓர் அக்கா

பதில்: பாவமில்லை சகோதரி. தயவுசெய்து வழக்கை விடாதீர்கள்.

ஆபேல் செத்தபோது கர்த்தர் காயீனிடம் சொன்னது என்ன? உன் சகோதரனுடைய இரத்தத்தின் சத்தம் பூமியிலிருந்து என்னை நோக்கிக் கூப்பிடுகிறது என்றார். வேதத்தில் முதல் கொலை வழக்கை எடுத்தவர் தேவனே. செத்தவனுக்காகப் பேச ஆள் இல்லாதபோது அவரே பேசினார். காயீனுக்கு அலைச்சலைத் தண்டனையாகக் கொடுத்தார். யாரும் அவனைக் கொன்றுவிடாதபடி ஓர் அடையாளத்தையும் போட்டார். தண்டனையும் காவலும் ஒரே கையிலிருந்து வந்தன. லூக்கா 18-இல் விதவை 'எனக்கு நியாயஞ்செய்ய வேண்டும்' என்று நியாயாதிபதியின் வாசலை விடவே இல்லை. அவளை இயேசு சும்மா இரு என்று சொல்லவில்லை, ஜெபத்துக்கு உதாரணமாக எடுத்துக்காட்டினார். வெளிப்படுத்தலில் கொலையுண்டவர்களின் ஆத்துமாக்கள் பலிபீடத்தின் கீழேயிருந்து 'எதுவரைக்கும்' என்று கேட்கின்றன. பரலோகத்திலேயே கேட்கப்படுகிற கேள்வியை நீங்கள் பூமியில் கேட்கக் கூடாதா?

'பழிவாங்குதல் எனக்குரியது' என்ற வசனத்தை உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். அது ரோமர் 12-இன் கடைசியில் வருகிறது. பக்கத்தைத் திருப்பினால் 13-ஆம் அதிகாரம், தீமை செய்கிறவனைத் தண்டிக்க அதிகாரிகளைத் தேவன் வைத்திருக்கிறார் என்று தொடங்குகிறது. பழியை நீ எடுக்காதே, தண்டிக்க வேண்டியவர்கள் தண்டிக்கட்டும் என்று பவுல் ஒரே மூச்சில் சொல்கிறார்.

1981 மே 13 அன்று போப் இரண்டாம் ஜான் பாலை மெஹ்மெத் அலி ஆக்ஜா சுட்டான். சில நாட்களிலேயே, மருத்துவமனையில் இருந்தபடியே அவனை மன்னித்துவிட்டதாகப் போப் அறிவித்தார். 1983 டிசம்பரில் சிறைக்கே போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்து பேசினார். ஆக்ஜா அன்றைக்கு அவர்கூட வெளியே வரவில்லை. 2000-இல்தான் இத்தாலி அரசு அவனுக்குத் தண்டனையிலிருந்து மன்னிப்பு கொடுத்தது, போப்பும் அதை விரும்பினார். போப்பின் மன்னிப்புக்கும் அரசின் மன்னிப்புக்கும் நடுவே அத்தனை வருஷங்கள் இருந்தன. அதனால் அந்த மன்னிப்பு பொய்யாகிவிடவில்லை.

மன்னிக்க வேண்டும் என்பதை நான் குறைத்துச் சொல்லவில்லை. அந்த ஆளும் அழிந்துபோக வேண்டும், அவன் பிள்ளைகளும் அழிய வேண்டும் என்ற எண்ணம் வரும்போது அதை அப்படியே ஜெபத்தில் சொல்லிவிடுங்கள். சங்கீதங்களில் அதைவிடக் கடுமையான வார்த்தைகள் இருக்கின்றன. தேவனிடம் சொன்ன கோபம் உங்கள் கைக்கு இறங்காது. மன்னிப்பு உங்களிடம் வருவதற்கு நாளாகலாம், யாரும் உங்களை அவசரப்படுத்த வேண்டாம். சாட்சி சொல்ல வேண்டிய நாளில் உண்மையை மட்டும் சொல்லுங்கள், கூட்டியும் வேண்டாம், குறைத்தும் வேண்டாம்.

கேள்வி: வாழ்நாளெல்லாம் அக்கிரமம் செய்தவன் கடைசி நிமிஷத்தில் மனந்திரும்பினால் பரதீசா? அவனிடம் அடிபட்டவர்களுக்கு இது அநியாயம் இல்லையா? – பெயர் வேண்டாம்

பதில்: இயேசுவின் பக்கத்தில் சிலுவையில் தொங்கி, கடைசியில் மனந்திரும்பிய கள்ளனைத்தானே கேட்கிறீர்கள். அவனுக்குப் பரதீசு கிடைத்தது, சிலுவையிலிருந்து இறக்கம் கிடைக்கவில்லை. சாயங்காலம் சேவகர் வந்து அவன் காலெலும்புகளை முறித்தார்கள் என்று யோவான் 19 சொல்கிறது. 'நாமோ நியாயப்படி தண்டிக்கப்படுகிறோம்' என்று அவனே ஒப்புக்கொண்டிருந்தான். சிறை ஊழியத்தில் எனக்குத் தெரிந்த ஓர் ஆயுள் கைதி, ஞானஸ்நானம் பெற்ற பிறகு முன்விடுதலைக்கு மனு எழுத மறுத்தார். 'செத்தவனுடைய அம்மா உயிரோடு இருக்கும்வரை எழுதமாட்டேன் ஐயா' என்றார். எல்லோரும் அப்படிச் செய்ய வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் உண்மையான மனந்திரும்புதலை நான் பார்த்த இடங்களில் எல்லாம், அடிபட்டவர்களின் முகத்தை அது மறக்கவில்லை.

கேள்வி: அப்பா இறந்த பிறகு, வெற்றுத்தாளில் அண்ணனிடம் கையெழுத்து வாங்கி அவர் பங்கு நிலத்தையும் என் பேருக்கு மாற்றிக்கொண்டேன். பின்னால் இரட்சிக்கப்பட்டேன். பழையவைகள் ஒழிந்துபோயின, இயேசுவின் இரத்தம் கழுவிவிட்டது என்று எங்கள் போதகர் சொல்கிறார். ஆனாலும் தூக்கம் இல்லை. அண்ணன் இப்போது உயிரோடு இல்லை. அண்ணியும் இரண்டு பிள்ளைகளும் இருக்கிறார்கள். நிலத்தின் மதிப்பைச் சபைக்குக் காணிக்கையாகக் கொடுத்துவிட்டால் சரியாகுமா? என் மனைவிக்கு இது எதுவும் தெரியாது. – ஒரு சகோதரர்

பதில்: சகோதரரே, தேவனுக்கு நீங்கள் பட்ட கடனைக் கிறிஸ்து தீர்த்தார். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை, உங்களுக்கும் வேண்டாம். பழையவைகள் ஒழிந்தன என்றால் பழைய திருட்டை வைத்துக்கொண்டு வாழும் வாழ்க்கையும் ஒழிய வேண்டும் அல்லவா? நிலம் இன்னும் உங்கள் பேரில் இருக்கிறது. அது முடிந்துபோன பாவமல்ல, இன்றைக்கும் நடந்துகொண்டிருக்கிற பாவம். தூக்கம் வராதது பரிசுத்த ஆவியானவரின் வேலை என்றே நினைக்கிறேன்.

லேவியராகமம் 6-ஐப் பாருங்கள். ஒருவன் இன்னொருவனை ஏமாற்றி எடுத்துக்கொண்டால், முதலைக் கொடுத்து, அதோடு ஐந்தில் ஒரு பங்கையும் கூட்டி, குற்றநிவாரணபலி செலுத்தும் அதே நாளில் உரியவனிடம் ஒப்படைக்க வேண்டும். உரியவனை விட்டுவிட்டுப் பலிபீடத்துக்குப் போக வழியில்லை. வரி வசூலித்த சகேயுவின் வசனம் உங்களுக்குத் தெரியும், அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாக, அதாவது நாலு மடங்காக, திருப்பிக் கொடுக்கிறேன் என்றான். யாரும் கேட்காமலே சொன்னான். அதைக் கேட்டபிறகுதான் 'இன்றைக்கு இந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது' என்றார் இயேசு.

சபைக்குக் கொடுக்கலாமா என்கிறீர்கள். எண்ணாகமம் 5:8-இல் இதற்கு நேரடியான பதில் இருக்கிறது. அநியாயப்பட்டவனுக்குச் சொந்தக்காரர் ஒருவருமே இல்லாவிட்டால்தான் அது கர்த்தருக்கு, ஆசாரியனைச் சேரும். உங்கள் அண்ணிக்கும் பிள்ளைகளுக்கும் உரியதைச் சபை வாங்கக் கூடாது. உங்கள் போதகரிடம் இந்த வசனத்தைக் காட்டுங்கள், அவர் மறுக்கமாட்டார்.

முதலில் மனைவியிடம் சொல்லுங்கள், இன்றைக்கே. அவர் அழலாம், கோபப்படலாம், அதற்கு நேரம் கொடுங்கள். அப்புறம் ஒரு வக்கீலைப் பார்த்து, அண்ணியின் பேருக்கும் பிள்ளைகளின் பேருக்கும் மாற்ற என்ன பத்திரம் வேண்டும் என்று கேளுங்கள். பிள்ளைகள் மைனர் என்றால் அதற்குத் தனி நடைமுறை இருக்கும். இத்தனை வருஷம் நிலத்தில் வந்த வருமானத்தையும் கணக்குப் போடுங்கள், தோராயமாக இருந்தாலும் பரவாயில்லை. அண்ணியிடம் போகும்போது ஏமாற்றியதைப் பூசி மெழுகாமல் சொல்லுங்கள். அவர் உங்களை மன்னிக்காமல் போகலாம், வாசலில் நிறுத்தியே அனுப்பலாம். மன்னித்தால்தான் கையெழுத்துப் போடுவேன் என்று நிபந்தனை வைக்காதீர்கள். பத்திரம் பதிவான பிறகு எனக்கு ஒரு வரி எழுதுங்கள், அதுவரை உங்களுக்காக ஜெபிக்கிறேன்.