பாளை தள்ளும் மாதம்

அன்புள்ள ஐயா,

பதினோரு வருடம் கழித்து, மாசிக் கடைசியில் கன்னிராஜபுரம் பக்கம் எங்கள் ஊருக்கு வந்திருந்தேன். சிறுவயதில் கடலுக்குப் போகும் பனங்காட்டுத் தடத்தில் மூன்று நாள் நடந்தேன். கனடாவில் குளிர் போனதும் மரமெல்லாம் பூத்துக் கொட்டும். இங்கே மணலும் வெயிலும்தான். நம் நிலத்துக்கு வசந்தமே கிடையாதா? சீமைக்கருவேலம் எல்லாவற்றையும் விழுங்கிவிட்டதா? சங்கப் பாடல்களில் இதைப் பற்றி எங்கே படிக்கலாம்? நடந்தபோது எடுத்த படங்களை இணைத்திருக்கிறேன்.

மு.

அன்புள்ள மு.,

சீமைக்கருவேலத்தைத் திட்ட நம் மாவட்டத்தில் ஆள் பஞ்சமில்லை, என்னை விட்டுவிடுங்கள். சங்கப் பாடலை அப்புறம் பார்க்கலாம். போன வாரம்தான் நரிப்பையூர்ப் பக்கம் இதே மாதிரி ஒரு தடத்தில் நடந்துவிட்டு வந்தேன். அதனால்தான் உடனே பதில் எழுதுகிறேன்.

முதலில் ஒன்று சொல்லுங்கள், எத்தனை மணிக்கு நடந்தீர்கள்? முதல் படத்தில் உங்கள் நிழல் காலடியிலேயே சுருண்டு கிடக்கிறது. காதில் வேறு வெள்ளையாக ஏதோ செருகியிருக்கிறீர்கள். உச்சிவெயிலில், காதை அடைத்துக்கொண்டு, தரையைப் பார்த்து நடந்துவிட்டு வசந்தம் இல்லை என்று எனக்குக் கடிதம்! உங்கள் கனடா மரம் கண்ணுக்கு நேரே பூக்கிறது. பனை உச்சந்தலையில் பூக்கிறது. அண்ணாந்து பார்க்க வேண்டாமா?

என் தாய்மாமா பனையேறி. பஞ்சாங்கத்தில் மாசியும் பங்குனியும் பின்பனிதான், இளவேனில் சித்திரையில்தான் பிறக்கும். மாமாவின் கணக்கு வேறு. வாடைக்காற்று ஓய்ந்து பனை பாளை, அதாவது பூக்குலை, தள்ளினால் அவருக்கு வருடம் பிறந்த மாதிரி. விடியுமுன் என்னை எழுப்பித் தடத்தில் கூட்டிப்போவார். ஒவ்வொரு பனையாக அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடப்பார். நானும் அண்ணாந்தபடி நடந்து, கீழே கிடந்த கருக்கு மட்டையில் கணுக்காலைக் கிழித்துக்கொள்வேன்.

முக்கியமாக வடலிகளை, இளம் பனைகளை, பார்ப்பார். கொட்டை ஊன்றிப் பன்னிரண்டு, பதினைந்து வருடம் ஆகும் பனை முதல் பாளை விட. அதுவரை ஆணா பெண்ணா என்று எந்தப் பனையேறிக்கும் தெரியாது. மட்டையைப் பார்த்தே சொல்லிவிடுவேன் என்று யாராவது சொன்னால் மாமா சிரிப்பார்.

எங்கள் கிணற்றடியில் தாத்தா ஊன்றிய வடலிக்கு என் வயது. அது பெண்ணாகத்தான் இருக்கும், நுங்கு காய்க்கும் என்று அம்மா வருடக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்குப் பதினான்கு வயதான மாசியில் ஒரு காலை, "மருமகனே, கிணத்தடியான் பாளை தள்ளிட்டான்டா" என்று மாமா சத்தம் போட்டார். தளைநாரை மாட்டி ஏறி, ஒரு துண்டு வெட்டிக்கொண்டு இறங்கினார். விரல் தடிமன். செதில் செதிலாக இறுகிய தண்டு, செதில் இடுக்குகளில் குருணையளவு மஞ்சள் பூக்கள். கூடவே இரண்டு எறும்பு. முகர்ந்தால் லேசான இனிப்பு வாடை. ஆண். அம்மா ஒரு வார்த்தை பேசாமல் அடுப்படிக்குப் போய்விட்டாள். மாமாவுக்கோ கொண்டாட்டம். பாளையை இடுக்கியால் நசுக்கி, நுனியைத் தினமும் சீவி, சுண்ணாம்பு தடவிய கலயம் கட்டினார். பங்குனியில் முதல் பதநீர் சொட்டியது. அதையும் அம்மா குடிக்கவில்லை. அடுத்த நாள் குடித்தாள்.

பனையை 1978-இல் மாநில மரமாக அறிவித்துவிட்டோம். சரி, நல்லது. ஏற ஆளில்லாமல் போனால் உச்சியில் நடப்பதை யார் வந்து சொல்வார்? மாமாவுக்குப் பிறகு எங்கள் தெருவில் யாரும் ஏறவில்லை. கிணற்றடியான் இன்னும் நிற்கிறது. பாளை வந்து, காய்ந்து, விழுகிறது.

கோபமாக எழுதிவிட்டேன், மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள். பதினோரு வருடம் கழித்து வந்தவர் மூன்று நாளும் அந்தத் தடத்துக்கே போயிருக்கிறீர்கள், அது எனக்குப் பிடித்திருக்கிறது. உங்கள் இரண்டாவது படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். இடது ஓரத்தில், உங்கள் தோளுக்கு மேலே, ஒரு வடலி. மட்டைகளுக்கு நடுவே புதிதாக ஏதோ நீட்டிக்கொண்டிருக்கிறது. என் கண்ணுக்கு அவ்வளவுதான் தெரிகிறது. ஊரில் யாரையாவது காலையில் போய்ப் பார்க்கச் சொல்லுங்கள். ஆணா பெண்ணா என்று மட்டும் எழுதினால் போதும்.