ரூபி கேள்வி-பதில்: நீங்களே எழுதி வெச்சிருக்கிற ஹெல்பர் மெத்தட்ஸை எவ்ளோ நம்பலாம்?

இந்த தடவை ரூபிங்கற ப்ரோக்ராமிங் மொழி பத்தின கேள்விகளை மட்டும் எடுத்து ஒண்ணா வெச்சிருக்கேன். கம்ப்யூட்டர்களை பார்த்துக்கற வேலைக்கும், டேட்டாவை ஒரு வடிவத்துலேர்ந்து இன்னொண்ணுக்கு மாத்துற வேலைக்கும் எழுதி வெச்சிருக்கிற குட்டி மெத்தட்ஸ் (பேர் சொல்லி கூப்பிடுற சின்ன கோட் துண்டுகள், இதைத்தான் ஹெல்பர்னு சொல்றோம்) பத்தித்தான் எல்லாரும் கேட்டிருக்கீங்க.

கேள்வி: சார், சர்வர்களை பார்த்துக்கறது என் வேலை. ரூபில ஸ்கிரிப்ட் எழுதி எழுதி யூட்டில்ஸ்னு ஒரு ஃபைல் பெருசா வளர்ந்துடுச்சு. வசதியா இருக்கட்டும்னு ஸ்ட்ரிங் கிளாஸையே (எழுத்துத் தொடருக்கு ரூபி வெச்சிருக்கிற வகை) திறந்து நாலஞ்சு மெத்தட் உள்ள போட்டிருக்கேன். டீம்ல ஒருத்தர் இது ஆபத்துன்னு சொல்றார். அப்படியா?

பதில்: உங்க டீம்மேட் சொல்றது சரிதாங்க. ஸ்ட்ரிங்கை நீங்க திறந்து ஒரு மெத்தட் போட்டா அது உங்க ஃபைலுக்கு மட்டும் இல்ல, அந்த ப்ராசஸ்ல லோடு ஆகுற எல்லா ஜெம்முக்கும் (வெளியேர்ந்து சேர்க்கிற ரூபி லைப்ரரி) சேர்ந்து போய் ஒட்டிக்கும். அதே பேர்ல இன்னொரு ஜெம்மும் ஒண்ணு போட்டிருந்தா கடைசியா லோடு ஆனது தான் ஜெயிக்கும், எர்ரர் எதுவும் வராது, ரெக்வயர் வரிசை (ஃபைல்களை லோடு பண்ற வரிசை) மாறின அன்னிக்கு விடையும் மாறும். அதை கண்டுபிடிக்க ஒரு நாள் முழுக்க போயிடும்.

ஒரு மாட்யூல் (மெத்தட்ஸை ஒரு பேருக்குள்ள அடைச்சு வெக்கிற பெட்டி) வெச்சு, உள்ள மாட்யூல் ஃபங்ஷன்னு போட்டு, மெத்தட்ஸை அதுக்குள்ள எழுதிடுங்க. கூப்பிடும்போது மாட்யூல் பேரையும் சேர்த்து எழுதணும், கொஞ்சம் நீளம் தான், ஆனா படிக்கிறவங்களுக்கு இது எங்கேர்ந்து வந்துச்சுன்னு அந்த வரியிலேயே தெரியும். ஸ்ட்ரிங் மேலயே கூப்பிட்டே ஆகணும்னா ரிஃபைன்மென்ட்ஸ் இருக்கு, 2013-ல வந்த ரூபி 2.0-ல அறிமுகமானது, யூசிங்னு எழுதின ஃபைலுக்குள்ள மட்டும் தான் வேலை செய்யும். ரயில்ஸ்ங்கற வெப் ஃப்ரேம்வொர்க்ல ஆக்டிவ்சப்போர்ட் லைப்ரரி இப்படி மெத்தட் சேர்க்கறதை பார்த்து நாமளும் பண்ணலாமேன்னு தோணும். அது ஊரறிஞ்ச லைப்ரரி, என்னென்ன சேர்த்திருக்குன்னு டாக்குமென்ட்ல இருக்கு. உங்க யூட்டில்ஸ் ஃபைல் அப்படி இல்ல.

கேள்வி: கான்ஃபிக் ஃபைல்லேர்ந்து வர்ற ஸ்ட்ரிங்கை நம்பரா மாத்த டூ_ஐ போடணுமா, பெரிய எழுத்துல வர்ற இன்டிஜர் மெத்தட் போடணுமா? ரெண்டும் ஒண்ணு தானே?

பதில்: ஒண்ணு இல்லவே இல்ல, இந்த வித்தியாசம் புரிஞ்சாலே பாதி பிரச்சனை போயிடும். டூ_ஐ எதைக் குடுத்தாலும் ஏதோ ஒரு நம்பரை திருப்பிக் குடுத்துடும். "12ஏபிசி"ன்னு குடுத்தா 12. "ஏபிசி"ன்னு குடுத்தா 0. நில் (எதுவும் இல்லங்கறதுக்கு ரூபி வெச்சிருக்கிற மதிப்பு) குடுத்தாலும் 0. "1,500"ன்னு கமா வெச்ச ஸ்ட்ரிங் குடுத்தீங்கன்னா 1 வரும், ஆயிரத்து ஐநூறு இருக்க வேண்டிய இடத்துல ஒண்ணு, ஒரு சத்தமும் இல்லாம. அந்த 1-ஐ டிஸ்க் லிமிட்டாவோ டைம்அவுட்டாவோ வெச்சு ஸ்கிரிப்ட் பாட்டுக்கு ஓடிட்டே இருக்கும்.

இன்டிஜர் மெத்தட் அப்படி விடாது. புரியலைன்னா ஆர்கியூமென்ட் எர்ரர் போட்டு அங்கேயே நிறுத்திடும், நில் குடுத்தா டைப் எர்ரர். எனக்கு இதுதான் பிடிக்கும், தப்பான விடை குடுக்கிற மெத்தடை விட கத்துற மெத்தட் ஆயிரம் மடங்கு மேல். ஆனா இதுலயும் ஒரு குழி இருக்கு: முன்னாடி பூஜ்யம் இருந்தா அதை எட்டடிமான எண்ணா எடுத்துக்கும். "010" குடுத்தா 8 வரும், "08" குடுத்தா எட்டடிமானத்துல 8-ங்கற இலக்கமே கிடையாதுங்கறதால எர்ரர் வரும். மாசத்தை ரெண்டு இலக்கத்துல எழுதுற ஃபைல்களை படிக்கும்போது ஜூலை வரைக்கும் ஒழுங்கா ஓடி ஆகஸ்ட்ல உடையிற ஸ்கிரிப்ட் இப்படித்தான் பிறக்குது. ரெண்டாவது ஆர்கியூமென்ட்டா 10-ஐ குடுத்துடுங்க, பத்தடிமானம்னு தெளிவா சொன்ன மாதிரி ஆச்சு.

எர்ரர் வேணாம், நில் வந்தா போதும்னா 2018-ல வந்த ரூபி 2.6-லேர்ந்து எக்ஸெப்ஷன் ஃபால்ஸ்னு ஒரு ஆப்ஷன் இருக்கு. அதுக்காக தனியா ரெஸ்க்யூ (எர்ரரை பிடிக்கிற கோட்) எழுத தேவையில்ல.

இதோட சேர்த்து ட்ரூ ஃபால்ஸ் சங்கதியும் சொல்லிடறேன், ஏன்னா அடுத்து அதைத்தான் கேப்பீங்க. ரூபில நில்லும் ஃபால்ஸும் மட்டும் தான் பொய், 0 கூட உண்மை தான், காலி ஸ்ட்ரிங்கும் உண்மை தான். என்விரான்மென்ட் வேரியபிள்ல (ஸ்கிரிப்ட்டுக்கு வெளியேர்ந்து குடுக்கிற செட்டிங்) வர்றது எப்பவும் ஸ்ட்ரிங். அப்போ டீபக்னு ஒரு வேரியபிள்ல ஃபால்ஸ்னு எழுதி வெச்சா அது அஞ்சு எழுத்து உள்ள ஸ்ட்ரிங், இஃப்ல போட்டா உள்ள நுழைஞ்சிடும். யாமல்ங்கற கான்ஃபிக் ஃபைல் வடிவத்துல இதுக்கு நேர் எதிர், கோட்ஸ் போடாம நோ-ன்னு எழுதினா அது ஸ்ட்ரிங்கா வராது, ஃபால்ஸா வந்து நிக்கும், நார்வேயோட ரெண்டெழுத்து நாட்டுக் குறியீடு இதுல மாட்டிக்கிட்டது ரொம்பப் பேருக்கு தெரிஞ்ச கதை. உங்க ஹெல்பர் எந்தெந்த வார்த்தைக்கு ட்ரூ, எந்தெந்த வார்த்தைக்கு ஃபால்ஸ்னு ஒரு சின்ன பட்டியல் வெச்சுக்கட்டும், அதுல இல்லாதது வந்தா எர்ரர் போடட்டும். "மத்ததெல்லாம் ஃபால்ஸ்"னு மட்டும் எழுதிடாதீங்க.

கேள்வி: ரூபிலேர்ந்து லினக்ஸ் கமாண்ட் ஓட்ட பேக்டிக் (` குறி) போட்டு ஒரு ஹெல்பர் வெச்சிருக்கேன் அண்ணா. கமாண்ட் ஃபெயில் ஆனாலும் ஸ்கிரிப்ட் நிக்காம போயிட்டே இருக்கு. ஃபைல் பேர்ல ஸ்பேஸ் வந்தா வேற தொல்லை. என்ன பண்ணட்டும்?

பதில்: பேக்டிக் உங்களுக்கு ஸ்டாண்டர்ட் அவுட்புட்டை மட்டும் தான் திருப்பிக் குடுக்கும் தம்பி. எர்ரர் மெசேஜ் டெர்மினல்ல போய் விழும், எக்ஸிட் கோட் (கமாண்ட் ஜெயிச்சுதா தோத்துதான்னு சொல்ற நம்பர்) தனியா டாலர் கேள்விக்குறி வேரியபிள்ல உக்காந்திருக்கும், அதை நீங்க எடுத்துப் பார்த்தாத்தான் உண்டு. யாரும் பார்க்கறதில்ல. காலி ஸ்ட்ரிங் வந்தா "ஓ, ரிசல்ட் எதுவும் இல்ல போல"ன்னு எடுத்துக்கிட்டு ஸ்கிரிப்ட் அடுத்த வரிக்கு போயிடுது.

ஸ்பேஸ் தொல்லைக்கு காரணம் ஷெல், அதாவது கமாண்டை வாங்கி பிரிச்சு ஓட்டுற ப்ரோக்ராம். முழு கமாண்டையும் ஒரே ஸ்ட்ரிங்கா ஒட்டி அனுப்பினா ஷெல் அதை ஸ்பேஸ்ல வெட்டும், செமிகோலன் இருந்தா ரெண்டாவது கமாண்டா எடுத்துக்கும். வெளியேர்ந்து வர்ற பேரை அதுல சொருகினீங்கன்னா உங்க சர்வர்ல யார் வேணா எந்த கமாண்டும் ஓட்டலாம்னு கதவை திறந்து வெச்ச மாதிரி. ஆர்கியூமென்ட்டை எல்லாம் தனித்தனியா குடுங்க, கமாண்ட் பேர் ஒண்ணு, ஆப்ஷன் ஒண்ணு, ஃபைல் பேர் ஒண்ணுன்னு. அப்போ ஷெல் நடுவுல வராது, ஸ்பேஸ், கோட்ஸ் எது இருந்தாலும் அப்படியே போய் சேரும். ஃபைல் பேர் ஹைஃபன்ல ஆரம்பிச்சா கமாண்ட் அதை ஆப்ஷன்னு நினைச்சுக்கும், அதுக்கு முன்னாடி ரெண்டு ஹைஃபன் மட்டும் ஒரு தனி ஆர்கியூமென்ட்டா போட்டுடுங்க, பெரும்பாலான கமாண்ட்ஸ் அதை புரிஞ்சுக்கும்.

அவுட்புட் வேண்டாம், ஓடினா போதும்னா சிஸ்டம் மெத்தட் போதும். வெற்றின்னா ட்ரூ, தோத்தா ஃபால்ஸ், கமாண்டையே ஓட்ட முடியலைன்னா நில். எக்ஸெப்ஷன் ட்ரூன்னு குடுத்தா ஃபெயில் ஆன உடனே எர்ரரா வெடிக்கும், இதுவும் 2.6-ல வந்தது தான். அவுட்புட்டும் வேணும்னா ஓப்பன்3 லைப்ரரில கேப்சர்3 மெத்தட் இருக்கு, அவுட்புட், எர்ரர் அவுட்புட், ஸ்டேட்டஸ் மூணும் கைக்கு வரும். அதே லைப்ரரில இருக்கிற பொப்பன்3-ஐ வெச்சு நீங்களே படிக்க போனீங்கன்னா ஒரு சிக்கல் வரும், லினக்ஸ்ல ஒரு பைப் (கமாண்டோட அவுட்புட் நமக்கு வர்ற குழாய்) சாதாரணமா 64 கேபி தான் தாங்கும், நீங்க அவுட்புட்டை மட்டும் படிச்சுட்டு இருக்கும்போது எர்ரர் பைப் நிரம்பிடுச்சுன்னா கமாண்ட் அங்கேயே நின்னுடும், நீங்களும் காத்துட்டே நிப்பீங்க, ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கிட்டு விடிய விடிய நிக்க வேண்டியது தான். கேப்சர்3 ரெண்டையும் ஒரே நேரத்துல படிக்கறதால அந்த சிக்கல் கிடையாது.

உங்க ஹெல்பர் இவ்ளோ தான்: ஆர்கியூமென்ட்ஸை வாங்கு, கேப்சர்3-க்கு குடு, ஸ்டேட்டஸ் சக்சஸ் இல்லைன்னா எந்த கமாண்ட், என்ன எர்ரர் மெசேஜ்னு ரெண்டையும் போட்டு ரெய்ஸ் பண்ணு (எர்ரரை கிளப்பு), இல்லைன்னா அவுட்புட்டை குடு. பத்து லைன் கூட வராது. ஒண்ணு மட்டும், க்ரெப் மாதிரி கமாண்ட்ல எக்ஸிட் கோட் 1-னா எர்ரர் இல்ல, தேடினது கிடைக்கலைன்னு அர்த்தம். அதுக்கு எந்தெந்த கோடை ஏத்துக்கலாம்னு ஒரு ஆப்ஷன் வெச்சுக்கோங்க.

கேள்வி: தமிழ் பேர்கள் உள்ள சிஎஸ்வி ஃபைலை (கமாவால பிரிச்ச பட்டியல்) ஜேசான்ங்கற டேட்டா வடிவத்துக்கு மாத்துற ஸ்கிரிப்ட். கையால ஓட்டினா ஓடுது, க்ரான்ல (குறிச்ச நேரத்துல தானா ஓட்டுற வசதி) ஓட்டினா இன்வாலிட் பைட் சீக்வென்ஸ்னு வருது. இன்னொண்ணு, ஒரே பேரை தேடினா சில வரிகள் மட்டும் கிடைக்க மாட்டேங்குது, கண்ணுக்கு ரெண்டும் ஒரே மாதிரி தான் தெரியுது.

பதில்: இந்த கேள்விக்கு ரொம்ப நன்றி, தமிழ் டேட்டாவை தொடுற எல்லாருக்கும் இது வேணும்.

க்ரான் பிரச்சனை முதல்ல. ஃபைலை என்ன என்கோடிங்ல (எழுத்தை பைட்டா எழுதி வெக்கிற முறை) படிக்கணும்னு நீங்க சொல்லலைன்னா ரூபி லோக்கேல் செட்டிங்கை (சிஸ்டத்தோட மொழி, எழுத்து அமைப்பு) பார்த்து முடிவு பண்ணும். உங்க டெர்மினல்ல அது யூடிஎஃப்-8, க்ரான்ல அந்த செட்டிங் பெரும்பாலும் இருக்காது, அதனால வெறும் ஆஸ்கின்னு (இங்கிலீஷ் எழுத்து மட்டும் உள்ள என்கோடிங்) எடுத்துக்குது. ஃபைல் திறக்கிற இடத்துல என்கோடிங்கை நீங்களே எழுதிடுங்க. எக்செல்லேர்ந்து யூடிஎஃப்-8 சிஎஸ்வியா சேவ் ஆன ஃபைல்னா ஆரம்பத்துல கண்ணுக்கு தெரியாத பிஓஎம்னு மூணு பைட் இருக்கும், அது முதல் நெடுவரிசை பேரோட ஒட்டிக்கிட்டு அந்த நெடுவரிசையே இல்லைன்னு ஸ்கிரிப்ட் சொல்லும். என்கோடிங் பேருக்கு முன்னாடி பிஓஎம்னு எழுதி ஒரு செங்குத்து கோடு போட்டா ரூபியே அதை தள்ளிட்டு படிக்கும். ஃபோர்ஸ் என்கோடிங் போட்டு எர்ரரை மட்டும் அடக்காதீங்க, அது பைட்டை மாத்தாது, மேல இருக்கிற லேபிளை தான் மாத்தும். பைட்டை நிஜமா மாத்துறது என்கோட் மெத்தட்.

இப்போ தேடல். "கொ"ங்கற எழுத்தை யூனிகோட்ல ரெண்டு விதமா எழுதலாம். ககரத்தோட ஒகரக் குறி ஒரே கோட்பாயின்ட்டா (யூனிகோட் ஒரு குறிக்கு குடுக்கிற எண்) வரலாம், இல்லைன்னா எகரக் கொம்பு தனி, கால் தனின்னு ரெண்டா வரலாம். திரையில ரெண்டும் ஒரே உருவம், ரூபிக்கு ரெண்டும் வேற வேற ஸ்ட்ரிங். டேட்டா உள்ள வர்ற வாசல்லயே யூனிகோட் நார்மலைஸ் மெத்தடை ஒரு தடவை ஓட்டிடுங்க, தேடுற வார்த்தைக்கும் அதே மாதிரி, ரூபி 2.2-லேர்ந்து இருக்கு. எல்லா "கொ"வும் ஒரே வடிவத்துக்கு வந்துடும்.

நீளத்தையும் கவனிங்க. "தமிழ்"னு எழுதி லெங்த் கேட்டா 5 வரும், பைட்சைஸ் கேட்டா 15, நாம எண்ணினா 3. நமக்கு வேணும்கற 3-ஐ குடுக்கறது க்ராஃபீம் கிளஸ்டர்ஸ் மெத்தட், 2.5-ல வந்தது. பேரை பத்து எழுத்துக்கு வெட்டணும்னா அதை வெச்சு முதல் பத்தை எடுத்து ஜாயின் பண்ணுங்க, இல்லைன்னா புள்ளியும் கொம்பும் பிச்சுக்கிட்டு போயிடும், ஒருத்தரோட பேரை அப்படி சிதைச்சு ப்ரின்ட் பண்றது எனக்கு மனசு ஒப்பாத விஷயம். "க்ஷ" மட்டும் ரெண்டா எண்ணப்படும், அதை மனசுல வெச்சுக்கோங்க.

சிஎஸ்வில நியூமெரிக் கன்வெர்ட்டரை (நம்பர் மாதிரி இருக்கறதை நம்பரா மாத்துறது) எல்லா நெடுவரிசைக்கும் போட்டுடாதீங்க, போன் நம்பர், ஐடி எல்லாம் முன்னாடி பூஜ்யத்தை இழந்துடும். அதெல்லாம் ஸ்ட்ரிங்காவே இருக்கட்டும். ரூபி 3.4-க்கு மாறினவங்க ஜெம்ஃபைல்ல சிஎஸ்வியை தனியா சேர்க்கணும், அது இப்போ தானா வராது.

கேள்வி: டிஸ்க் சைஸை ஜிபியா மாத்த 1024-ஆல வகுக்கணுமா 1000-ஆலயா?

பதில்: ரெண்டும் சரி தான், எது எதுன்னு சொல்லாம விடறது தான் தப்பு. டிஸ்க் தயாரிக்கிறவங்க 1000 கணக்கு, மெமரிக்கு 1024 கணக்கு. 1024-க்கு கிபி, மெபி, ஜிபின்னு தனிப் பேரே 1998-ல ஐஇசிங்கற சர்வதேச தர அமைப்பு குடுத்துடுச்சு, தமிழ்ல எழுதும்போது ஜிபிங்கறது ஜிகாபைட் சுருக்கம் மாதிரியே இருக்கறதால ஜிபிபைட்னு முழுசா எழுதுங்க. ஆக்டிவ்சப்போர்ட்ல மெகாபைட்ஸ்னு வர்றது 1024 கணக்கு. ஹெல்பருக்குள்ள எப்பவும் முழு பைட்டாவே வெச்சுக்கோங்க, மனுஷங்களுக்கு காட்டுற கடைசி வரில மட்டும் மாத்துங்க. இன்டிஜரை இன்டிஜரால வகுத்தா மீதி போயிடும்ங்கறதையும் மறந்துடாதீங்க, 1500-ஐ 1024-ஆல வகுத்தா ரூபி 1-னு சொல்லும்.

கேள்வி: பழைய ஃபோல்டர்களை அழிக்க ஒரு ஹெல்பர் எழுதணும். ஆர்எம் ஆர்எஃப் (ஃபோல்டரை உள்ள இருக்கறதோட சேர்த்து அழிக்கிற மெத்தட்) போடலாமா?

பதில்: ஃபைல்யூட்டில்ஸ்ல அந்த மெத்தட் எர்ரர் வந்தாலும் சொல்லாது, அழிஞ்சுதா இல்லையான்னு உங்களுக்கு தெரியாது. ஆர்எம் ஆர் போடுங்க. அதை விட பெரிய பயம் பாத், அதாவது ஃபோல்டர் பாதை. பேஸ் ஃபோல்டர் கூட அதுக்குள்ள அழிக்க வேண்டிய ஃபோல்டர் பேரை ஃபைல் ஜாயின்ல சேர்க்கும்போது அந்தப் பேர் நில்லா இருந்தா டைப் எர்ரர் வந்து காப்பாத்திடும். ஆனா ஸ்ட்ரிங்குக்குள்ள இன்டர்பொலேட் பண்ணி (மதிப்பை நடுவுல சொருகி) சேர்த்தா நில் காலி எழுத்தா மாறிடும், பேஸ் ஃபோல்டர் மொத்தமும் அழியும். ஜாயின்லயும் காலி ஸ்ட்ரிங் வந்தா இதே கதி தான். அதனால பேர் காலியா இருந்தா ரெய்ஸ், முழு பாதையா விரிச்ச பிறகு அது பேஸுக்கு உள்ள இல்லைன்னா ரெய்ஸ், இது ரெண்டும் அழிக்கிற வரிக்கு மேல கண்டிப்பா இருக்கணும். முதல் தடவை நோஆப் ட்ரூ, வெர்போஸ் ட்ரூன்னு ரெண்டு ஆப்ஷனையும் குடுத்து ஓட்டுங்க, எதையும் அழிக்காம என்ன அழிச்சிருக்கும்னு மட்டும் ப்ரின்ட் பண்ணும், அந்த லிஸ்ட்டை உக்காந்து ஒவ்வொரு வரியா படிச்சுட்டு அப்புறம் நோஆப்பை எடுங்க.