சம்பளம் குறையில்லை, ஊக்கத்தொகையும் உண்டு. ஆனாலும் அரிசி ஆலையில் ஆட்களுக்கு வேலையில் பிடிப்பில்லையே, ஏன்?

மன்னார்குடி பக்கம் 35 பேர் வேலை பார்க்கும் புழுங்கல் ஆலை, மூட்டைக் கணக்கில் ஊக்கத்தொகை, குருணை கூடுகிறது, ஆட்களும் நிற்பதில்லை என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் அந்த ஊக்கத்தொகையைப் பாருங்கள். ஷிப்டுக்கு எத்தனை மூட்டை என்று எண்ணிக் காசு கொடுத்தால், நெல்லைக் காயவைக்கும் டிரையர்காரர் சூட்டை ஏற்றத்தான் செய்வார். அவித்த நெல் ஏறக்குறைய 35 சதவீத ஈரத்தோடு டிரையருக்கு வருகிறது. அதை 16–18 வரை இறக்கி, சில மணி நேரம் ஆறப்போட்டு, பிறகுதான் 14க்குக் கொண்டுவர வேண்டும். ஆறும் நேரத்தில் மணியின் நடுவிலுள்ள ஈரம் வெளியே பரவிச் சமமாகும். ஒரே மூச்சில் காயவைத்தால் மணிக்குள் கீறல் விழும், பாலிஷரில் உடையும். அதற்கு அவரைத் திட்டுவது அநியாயம். நீங்கள் எதற்குக் காசு கொடுத்தீர்களோ அதைத்தான் அவர் செய்திருக்கிறார்.

ஊக்கத்தொகையில் பாதியை, உடையாமல் வரும் முழு அரிசியின் விகிதத்துக்கு மாற்றுங்கள். அவிப்பவர், டிரையர்காரர், மில் ஓட்டுபவர் மூவருக்கும் சேர்த்துக் கொடுங்கள், ஒருவர் கையில் மட்டும் இருக்கிற காரியமில்லை அது. லாரி வந்ததுமே ஈரம் அளந்து எழுதுங்கள். ஐப்பசி மழையில் நனைந்து வந்த குறுவை நெல்லின் குருணையை இவர்கள் தலையில் கட்டக்கூடாது.

ஷிப்ட் மாறும்போது 10 நிமிடம், சம்பளத்தோடு: எந்தத் தொட்டி எப்போது இறங்கியது, எது ஆறுகிறது, கடைசி ஈரம் எவ்வளவு என்று பலகையில் எழுதி ஒப்படைக்கட்டும். "இன்னும் ஆறவில்லை, இறக்க மாட்டேன்" என்று டிரையர்காரர் சொன்னால் சூப்பர்வைசர் அதற்குக் கட்டுப்பட்டாக வேண்டும். ஈடுபாடு வளர்வது இந்த இடத்தில்தான்.

மற்றவை தெரிந்ததே: 7ஆம் தேதிக்குள் சம்பளம், சம்பா சீசனின் கூடுதல் நேரத்துக்கு இரட்டிப்புக் கூலி. 20 பேருக்கு மேல் என்பதால் பி.எஃப். உண்டு. பிடித்த பணம் கணக்கில் ஏறியதை அவர்கள் செல்போனிலேயே காட்டுங்கள்.

தை அறுவடைக்குச் சொந்த வயலுக்குப் போகிறவர்களின் விடுப்பை மார்கழித் தொடக்கத்திலேயே கேட்டு, முறை போட்டுவிடுங்கள். கேட்காமல் விட்டால் ஒரே வாரத்தில் எட்டுப் பேர் வரமாட்டார்கள்.

பெரிய முன்பணம் கொடுத்து ஆளைக் கட்டிப்போடாதீர்கள். வேலையை விட்டு நின்றுவிட்டவரின் சம்பளப் பாக்கியையும் இரண்டு வேலை நாளுக்குள் முடித்துவிடுங்கள். அடுத்த ஆள் அவரிடம் விசாரித்துவிட்டுத்தான் உங்கள் ஆலைக்கு வருவார்.